டைஜெஸ்ட்ட எப்படி படிக்கிறது? ஒரு பார்பர் கேஸ வச்சு பாப்போம்

ரோமன் சட்டம் படிக்க ஆரம்பிக்கிறவங்க நிறைய பேரு கி.மு. 450 வாக்குல வந்த பன்னிரண்டு பலகைகள்ங்கிற பழைய ரோமன் சட்டத் தொகுப்புல ஆரம்பிச்சு வருஷங்களா மனப்பாடம் பண்ணி பாதியில விட்டுடறாங்க, என்னைக் கேட்டா நேரா டைஜெஸ்ட்டுக்குள்ள போய் ஒரே ஒரு கேஸ எடுத்து உக்காந்துடுங்க.

டைஜெஸ்ட்னா பேரரசர் ஜஸ்டினியன் சொல்லி டிரிபோனியன் தலைமையில பழைய சட்ட அறிஞர்கள் எழுதினதெல்லாம் வெட்டி எடுத்து 50 புத்தகமா தொகுத்தது, 533ல வந்துச்சு.

நாம பாக்கப் போற கேஸ் இருக்கிற இடம் 9.2.11, அப்படின்னா 9வது புத்தகம், 2வது தலைப்பு, 11வது துண்டு. துண்டோட தலையில எழுதினவர் பேரும் எந்த நூல்லேர்ந்து எடுத்ததுங்கிறதும் இருக்கும், அத தாண்டிப் போயிடாதீங்க. இங்க பேசுறது அல்பியன்ங்கிற ரோமன் சட்ட அறிஞர், ஜஸ்டினியனுக்கு 300 வருஷம் முந்தினவர், நடுவுல தொகுத்தவங்க கை வச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு.

இப்ப கேஸ். சில பேர் பந்து விளையாடுறாங்க, ஒருத்தர் ஓங்கி அடிச்ச பந்து பக்கத்துல சவரம் பண்ணிட்டிருந்த பார்பர் கையில பட்டு, கத்தி இறங்கி ஒரு அடிமையோட கழுத்து அறுந்துடுச்சு. இங்கயே நிறுத்திட்டு நீங்களே ஒரு தீர்ப்பு எழுதிப் பாருங்க, இத ஸ்கிப் பண்ணா படிச்சதே வேஸ்ட். அப்புறம் மேல படிங்க: தப்பு யார் மேலயோ அவர்தான் அக்விலியா சட்டப்படி (அடுத்தவர் சொத்துக்கு தப்பா சேதம் பண்ணா ஈடு குடுக்கணும்ங்கிற ரோமன் சட்டம்) பொறுப்புங்கிறாங்க, ப்ரோகுலஸ்ங்கிற இன்னொரு சட்ட அறிஞர் பார்பர் மேலதான் தப்புங்கிறார், விளையாடுற இடத்துல போய் சவரம் பண்ணா அவரையும் கேக்கத்தானே செய்வாங்க, ஆனா அந்த மாதிரி இடத்துல போய் சவரத்துக்கு நாற்காலியில உக்காந்தவர் தன்னையேதான் நொந்துக்கணும்னும் ஒரு வாதம் வருது. செத்தது ஒரு மனுஷன், சட்டம் அத ஓனரோட நஷ்டமாத்தான் கணக்கு பண்ணுது, இத மறக்காம படிக்கணும்.

அடுத்து இதே கேஸ பின்னாடி வந்த சட்டங்கள்ல போட்டுப் பாருங்க. 11ம் நூற்றாண்டு கடைசியில இத்தாலியில பொலோனாவுல டைஜெஸ்ட்ட மறுபடி பாடமா எடுக்க ஆரம்பிச்சதுலேர்ந்துதான் இது ஐரோப்பா முழுக்க பரவுச்சு. 1804 பிரெஞ்சு சிவில் கோட்ல 1382வது பிரிவு (2016லேர்ந்து இதோட நம்பர் 1240), உன் தப்பால நஷ்டம் வந்தா ஈடு குடுன்னு ஒரே வரியில பொதுவா சொல்லிடும், 1900ல அமலான ஜெர்மன் சிவில் கோட் 823ல உயிர், உடம்பு, சொத்துன்னு எதுக்கெல்லாம் பாதுகாப்புன்னு பேர் சொல்லி அடுக்கும். அங்கயே 254வத பாருங்க, அடிபட்டவர் மேலயும் தப்பு இருந்தா ஈட்டுத்தொகைய அதுக்கேத்த மாதிரி குறைக்கலாம், நாற்காலியில உக்காந்தவர் பத்தின அந்த வாதத்துக்கு இங்க ஒரு வழி கிடைக்குது. தென்னாப்பிரிக்காவுலயும் இலங்கையிலயும் ரோமன் டச்சு சட்டம் (ரோமன் சட்டமும் டச்சுக்காரங்க வழக்கமும் கலந்தது) வழியா அக்விலியா பேர்லயே இன்னைக்கும் வழக்கு போடலாம்.

இது பிடிபட்டுச்சுன்னா 9.2.52க்கு போங்க, கேபிட்டலைன் குன்று ஏத்தத்துல ரெண்டு வண்டி பின்னால உருண்டு வர்ற கேஸ், அதுல அல்ஃபேனஸ்ங்கிற சட்ட அறிஞர் யார் பொறுப்புன்னு ஒவ்வொருத்தரா பிரிச்சுப் பேசுவார்.