எக்ஸ்எம்எல் கோப்பு உருவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரல் எழுதப் பழகுபவர்கள், தரவை டேக்குகள் என்னும் பெயர்க்குறிகளுக்குள் அடைத்துச் சேமிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பை உருவாக்க முதலில் நாடும் வழி, டேக்குகளை மேற்கோள் குறிக்குள் எழுதி, நடுவே மாறியின் மதிப்பை ஒட்டி, அந்தச் சரத்தை அப்படியே கோப்பில் எழுதிவிடுவதுதான். சோதனைத் தரவு எளிமையாக இருக்கும்வரை இதில் குறையேதும் தெரியாது. பின்வருவதுபோல் ஒரு தலைப்பு வந்தால் சிக்கல் தொடங்கிவிடும்:

<தலைப்பு>கேள்வி & பதில்</தலைப்பு>

இங்குள்ள & குறிக்கு எக்ஸ்எம்எல்லில் தனிப் பொருள் உண்டு என்பதால், கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரலான பார்சர் அந்த இடத்திலேயே பிழை என்று நின்றுவிடும். 1998இல் வெளியான எக்ஸ்எம்எல் 1.0 விதிகள் இதில் கண்டிப்பானவை; பிழையுள்ள ஹெச்டிஎம்எல்லை பிரவுசர் ஒருவாறு சமாளித்துக் காட்டுவதுபோன்ற சலுகை இங்கே கிடையாது. ஆகவே & என்பதை &#38; என்றும், < என்பதை &#60; என்றும் மாற்றியே எழுத வேண்டும்.

இந்த மாற்றத்தை நாமே செய்வதைவிட, பைத்தானின் எலிமென்ட்ட்ரீ போன்ற லைப்ரரியிடம் விட்டுவிடுவதே மேல். ஆனால் அதனிடம் கொடுக்கும் மதிப்பை முன்கூட்டியே மாற்றிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் லைப்ரரி அதிலுள்ள & குறியை மீண்டும் மாற்றும்; கோப்பைப் படிப்பவருக்கு "கேள்வி &#38; பதில்" என்றே தெரியும்.

அடுத்தது என்கோடிங், அதாவது எழுத்துகளைக் கோப்பில் பைட்டுகளாகக் குறிக்கும் முறை. கோப்பின் முதல் வரியான அறிவிப்பு வரியில் யூடிஎஃப்-8 என்று எழுதிவிட்டு, கோப்பை வேறு என்கோடிங்கில் சேமிப்பது அடிக்கடி நேரும் தவறு. பைத்தானில் கோப்பைத் திறக்கும்போதே என்கோடிங்கைக் குறிப்பிடுவது பாதுகாப்பானது. எலிமென்ட்ட்ரீயின் எழுதும் செயல்கூறோ, எதுவும் சொல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் இல்லாத ஆஸ்கி என்கோடிங்கையே எடுத்துக்கொண்டு "அ" என்பதை &#2949; என்று எழுதும். அது பிழையன்று, படிக்கத்தான் கடினம். அறிவிப்பு வரிக்கு முன்னால் ஒரு வெற்றிடமோ காலி வரியோ இருப்பதுதான் பிழை.

கோப்பு முழுவதற்கும் ஒரே ஒரு வேர் உறுப்புதான், அதாவது மற்ற உறுப்புகளை எல்லாம் உள்ளடக்கும் வெளி டேக் இணைதான், இருக்கலாம். உறுப்பின் பெயர் இலக்கத்தில் தொடங்கவோ இடைவெளி கொண்டிருக்கவோ கூடாது. அட்டவணையின் நெடுவரிசைத் தலைப்புகளை அப்படியே டேக்குகளாக்குபவர்கள் இதில்தான் பெரும்பாலும் சிக்குகிறார்கள். "2ஆம் பருவம்" என்பது இரு விதிகளையும் ஒருசேர மீறுகிறது. எலிமென்ட்ட்ரீ இத்தகைய பெயர்களைச் சரிபார்க்காமலே எழுதிவிடும் என்பதால், கோப்பை எழுதி முடித்ததும் அதே நிரலில் ஒருமுறை பார்சரைக் கொண்டு திரும்பப் படித்துப் பார்ப்பது அவசியம்.