குதிகால் வலிக்கு ஷாக்வேவ்: எனக்குப் பலன் தந்த முறை

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்த வலி தெரியும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் ஆணி குத்துவதுபோல இருக்கும். ஆறு மாதம் தாண்டியும் போகாததால் ஷாக்வேவ் எடுத்தேன். இது கரண்ட் வைத்தியம் அல்ல, அழுத்த அலை. சிறுநீரகக் கல்லை உடைக்க 1980-இல் மியூனிக்கில் முதலில் பயன்படுத்திய நுட்பத்தின் வழிவந்தது.

வாரம் ஒன்றாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குதிகாலில் 2,000 அலைத் துடிப்புகள். 1.5 பார் அழுத்தத்தில் தொடங்கி, பொறுக்கிற அளவு பார்த்து 2.5 வரை ஏற்றினார்கள். மரத்துப்போக ஊசி கேட்காதீர்கள். வலிக்கும் புள்ளியை நாம் சொல்லச் சொல்லத்தான் கருவியை நகர்த்துவார்கள். மரத்துவிட்டால் குறி தவறும். ஜெல் தாராளமாக வேண்டும், இடையில் காற்று இருந்தால் அலை உள்ளே இறங்காது.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். வலிக்கிறதே என்று டைக்ளோஃபினாக் போன்ற, அழற்சியையும் குறைக்கும் வலி மாத்திரை போடுவார்கள். திசு ஆறத் தொடங்க உதவும் அழற்சியை அது அடக்கிவிடக்கூடும் என்பதால் தவிர்க்கச் சொல்வார்கள், பாராசிட்டமால் போதும். மூன்றாம் வாரத்திலேயே நம்பிக்கை இழக்க வேண்டாம், பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும்.

பயிற்சி இல்லாமல் ஷாக்வேவ் மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. படி விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, 3 விநாடி குதிகாலை உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்கவும். 12 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அதே இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.