மழைக்காலத்தில் கேமரா லென்ஸைப் பூஞ்சையிலிருந்து காப்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் வீட்டுக்குள்ளேயே ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும். 70 சதவீதம் சில நாள் நீடித்தாலே பூஞ்சை முளைக்கப் போதும். லென்ஸில் ஒட்டிய தூசியும் விரல் எண்ணெயும்தான் அதற்குத் தீனி. வளரும்போது அது விடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். அரித்த தழும்பை எந்தத் துடைப்பும் போக்காது.

ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள 10 லிட்டர் டப்பா, ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் மணிகள் 200 கிராம், சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி: இவ்வளவுதான் தேவை. லென்ஸைத் துடைத்து, ஜெல்லைத் துணிப்பையில் கட்டி, மானியோடு டப்பாவுக்குள் வையுங்கள். மானி காட்டும் எண் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். 30க்குக் கீழே போனால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். அளவுக்கு மீறிய வறட்சி ரப்பருக்கும் கிரீஸுக்கும் ஆகாது.

மலிவான மானி பொய் சொல்லும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் சேறுபோல் ஆகும்வரை சொட்டு நீர் விட்டு, மானியோடு ஜிப் கவரில் 8 மணி நேரம் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், இனி அது சொல்லும் எண்ணோடு 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

ஈரம் குடித்து ஜெல் கரும்பச்சையானால் தட்டில் மெல்லப் பரப்பி, ஓடிஜி எனும் மின்சார ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வையுங்கள். சூடு மீறினால் நிறம் கருகி, அடுத்த முறை எப்போது நனைந்தது என்றே தெரியாது. இறுக மூடிய பாட்டிலில் ஆறவிடுங்கள். திறந்து வைத்தால் ஆறும்போதே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கும். சமையல் அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பலரும் தவறுவது கேமரா பையில்தான். அதன் ஸ்பாஞ்சும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பையோடு டப்பாவில் வைத்தால் ஜெல் வீண். ஜெல்லுக்குப் பதில் அரிசி போட்டால், அது மாவுத்தூசியைத்தான் கொடுக்கும். அந்துருண்டை போட்டால், அதன் ஆவி கண்ணாடியில் படியும். ஏசி அறையிலிருந்து வெளியே போகும்போது லென்ஸை ஜிப் கவரில் மூடி, அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் வியர்க்காது.

மாதம் ஒருமுறை இரு மூடிகளையும் கழற்றி, அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுதாகத் திறந்து, முன்புறம் டார்ச் அடித்துப் பின்புறமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. வெளிக்கண்ணாடியில் என்றால் லென்ஸ் திரவம் தொட்ட டிஷ்யூவால் துடைக்கலாம். உள்ளே என்றால் அன்றே தனி டப்பாவுக்கு மாற்றி, சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள்.