நேர்ச்சை வைப்பது எப்படி, நிறைவேற்றுவது எப்படி?

என் மகள் காய்ச்சலில் சுருண்டு கிடந்த இரவு, "யா அல்லாஹ், இவளுக்குக் குணமானால் உனக்காக நோன்பு வைக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். மூன்றாம் நாள் அவள் எழுந்து ஓடியாடத் தொடங்கினாள், அல்ஹம்துலில்லாஹ். அப்புறம்தான் எனக்குக் கவலை பிடித்தது. எத்தனை நோன்பு? எப்போது? எதையுமே நான் சொல்லவில்லையே!

மார்க்கம் கற்ற ஹஸ்ரத்திடம் போய்க் கேட்டேன். "அன்றைக்கு என்ன சொன்னீர்களோ அதை அப்படியே சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். எண்ணிக்கை குறிப்பிடாமல் 'நோன்பு' என்று மட்டும் நேர்ந்தால், ஷாஃபி மத்ஹபின்படி (மத்ஹப் என்றால் மார்க்கச் சட்ட வழிமுறை) ஒரு நோன்பு போதும் என்றார். 'தினமும்' என்றோ 'ஆயுசு முழுக்க' என்றோ ஒரு சொல் கூடியிருந்தால் என் பாடு வேறாக இருந்திருக்கும். நேர்ச்சையில் எல்லாமே நாம் சொல்லும் வார்த்தையைப் பொறுத்தது.

முதல் படி: நேர்ச்சை வேண்டுமா என்று யோசியுங்கள்

நேர்ச்சை என்பது, மார்க்கம் நம்மேல் கடமையாக்காத ஒரு வணக்கத்தை அல்லாஹ்வுக்காக நாமே நம்மேல் கடமையாக்கிக்கொள்வது. நபி (ஸல்) அவர்கள் நேர்ச்சை செய்வதைத் தடுத்தார்கள். அது விதியில் எதையும் மாற்றாது, கஞ்சனிடமிருந்து பொருளை வெளியே கொண்டுவரும், அவ்வளவுதான் என்றார்கள். இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் (நபிமொழி) புகாரி என்ற தொகுப்பில் இருக்கிறது. அதனால் ஒரு தேவை வந்தால் துஆ (பிரார்த்தனை) கேளுங்கள், முடிந்த சதகாவை (தர்மத்தை) இப்போதே கொடுங்கள். 'நீ தந்தால் நான் தருகிறேன்' என்ற பேச்சு இல்லாமலே அல்லாஹ் கேட்பான்.

ஆனால் சொல்லிவிட்டால் கதை வேறு. நேர்ச்சையை நிறைவேற்றுவது நல்லடியார்களின் குணம் என்று குர்ஆன் 76:7 புகழ்கிறது.

இரண்டாம் படி: எதை நேரலாம், எதை நேரக்கூடாது

உபரித் தொழுகை, நோன்பு, சதகா, இஃதிகாஃப் (பள்ளிவாசலில் வணக்கத்துக்காகத் தங்குவது), உம்ரா (மக்கா சென்று செய்யும் வணக்கம்), ஆடு மாடு அறுத்துப் பங்கிடுதல் இவற்றையெல்லாம் நேரலாம். அல்லாஹ் ஒருவனுக்காக மட்டுமே நேர வேண்டும், நேர்ச்சையும் வணக்கம்தான். ஐவேளைத் தொழுகையை ஒழுங்காகத் தொழுவேன் என்பது ஏற்கெனவே கடமை, அதைத் தனியாக நேர ஒன்றுமில்லை. "அல்லாஹ்வுக்குக் கீழ்ப்படிய நேர்ந்தவர் கீழ்ப்படியட்டும், மாறுசெய்ய நேர்ந்தவர் மாறுசெய்ய வேண்டாம்" என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ்தான் இங்கே அளவுகோல். தனக்குச் சொந்தமில்லாத பொருளை நேரவும் முடியாது.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: உடலை வருத்தினால் நன்மை கூடும் என்ற நினைப்பு. நபி (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். யார் என்று விசாரித்தார்கள். பெயர் அபூ இஸ்ராயீல். உட்காரமாட்டேன், நிழலுக்குப் போகமாட்டேன், பேசமாட்டேன், நோன்பிருப்பேன் என்று நேர்ந்திருக்கிறார் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். "பேசட்டும், நிழலுக்கு வரட்டும், உட்காரட்டும், நோன்பை மட்டும் முழுமையாக்கட்டும்" என்று நபியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். நான்கில் மூன்று கழிந்தது, வணக்கமாக இருந்த ஒன்று மட்டும் நின்றது. நேர்வதற்கு முன் உங்கள் நேர்ச்சையையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: வார்த்தையைச் சுருக்கமாக, தெளிவாக அமையுங்கள்

மனதில் நினைத்தால் மட்டும் நேர்ச்சை ஆகிவிடாது. வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்போது எது, எத்தனை, எப்போது என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். உதாரணத்துக்கு: "இந்த நோய் குணமானால், குணமான ஒரு மாதத்துக்குள் அல்லாஹ்வுக்காக இரண்டு நாள் நோன்பு வைப்பது என்மேல் கடமை."

'ஒவ்வொரு வாரமும்', 'என் சொத்து முழுவதும்' போன்ற சொற்கள் வேண்டாம். தன் தவ்பா (பாவமன்னிப்பு) ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் கஅப் இப்னு மாலிக் (ரலி) தம் செல்வம் முழுவதையும் தர்மம் செய்ய முன்வந்தபோது, கொஞ்சத்தை உமக்கென வைத்துக்கொள்ளும், அது உமக்கு நல்லது என்றார்கள் நபியவர்கள். மகிழ்ச்சியும் பயமும் உச்சத்தில் இருக்கும்போதுதான் வாயிலிருந்து பெரிய சொற்கள் வரும். ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பேசுங்கள்.

நான்காம் படி: எழுதி வையுங்கள்

சொன்ன வார்த்தையைத் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். சஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களின் தாயார் ஒரு நேர்ச்சையை நிறைவேற்றாமலே மௌத்தானபோது (இறந்தபோது), தாயாருக்காக அதை நிறைவேற்றும்படி நபியவர்கள் மகனிடம் சொன்னார்கள். தெரிந்தால்தானே பிள்ளைகள் செய்ய முடியும்?

ஐந்தாம் படி: நிறைவேற்றுங்கள்

நிபந்தனை வைத்து நேர்ந்திருந்தால், அது நடந்த பிறகே கடமையாகும். நடக்கவில்லை என்றால் ஒன்றுமில்லை. நடந்துவிட்டால் இழுத்தடிக்காதீர்கள். அல்லாஹ் கொடுத்தால் தர்மம் செய்வோம் என்று வாக்களித்து, கிடைத்ததும் கையை மூடிக்கொண்டவர்களைப் பற்றிக் குர்ஆன் 9:75 முதல் 77 வரை படித்துப் பாருங்கள், மனம் நடுங்கும்.

நேர்ச்சை நோன்புக்கு முந்தைய இரவிலேயே நிய்யத் (மனதில் எண்ணம்) வைத்துவிடுங்கள். இரண்டு பெருநாள்களிலும் வைக்கக்கூடாது. நேர்ந்து அறுத்த ஆட்டின் இறைச்சியை நேர்ந்தவர் சாப்பிடக்கூடாது என்று ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபுகளும் சொல்கின்றன. அது முழுவதும் ஏழைகளுக்கு உரியது. அறுத்துவிட்டு வீட்டில் சமைத்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முடியாமல் போனால்

நேர்ச்சையின் கஃப்பாரா (பரிகாரம்) சத்தியத்தை முறித்ததற்கான கஃப்பாராதான் என்று முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் உண்டு. அதன் விவரம் குர்ஆன் 5:89-இல் இருக்கிறது: 10 ஏழைகளுக்கு உணவளிப்பது, அல்லது அவர்களுக்கு உடை கொடுப்பது, அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்வது. இவற்றுக்கு வசதியே இல்லாதவர்தான் 3 நாள் நோன்பு வைக்க வேண்டும். பலர் நேராக நோன்புக்குப் போய்விடுகிறார்கள்; 10 பேருக்கு உணவளிக்க வசதி இருந்தால் அந்த நோன்பு போதாது. "அவனோடு பேசினால் ஒரு மாதம் நோன்பு" என்று கோபத்தில் சொன்ன நேர்ச்சைக்கு, ஷாஃபி மத்ஹபில் சொன்னதைச் செய்யலாம் அல்லது கஃப்பாரா கொடுக்கலாம்.

எந்த நேர்ச்சைக்குக் கஃப்பாரா, எதை எப்படியும் நிறைவேற்ற வேண்டும் என்பதில் மத்ஹபுக்கு மத்ஹபு வித்தியாசம் இருக்கிறது. நீங்களாகத் தீர்ப்பு எடுக்காமல் ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேளுங்கள். போகும்போது நான்காம் படியில் எழுதிய அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.