குறைந்த செலவில் பிக்கப் வண்டிக்குக் கனத்த சைலன்சர் சத்தம்

சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் வண்ணார்பேட்டை தாண்டுமுன் மடக்கிவிடுவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ உண்டு. லைசென்ஸும் 3 மாதம் முடங்கும். ஆகவே சைலன்சர் டப்பாவைத் தொடாமல் அதற்குப் பின்னால் வரும் வால்குழாயை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் குழாயில் புகை ஒழுகல் இருக்கிறதா பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கனத்த துணியால் குழாய் வாயைச் சில நொடி அடைத்தால் ஓட்டையான இணைப்பில் 'உஸ்' கேட்கும். சுற்றிலும் கரி படிந்திருக்கும். அந்த ஒழுகலில் வரும் 'டப்டப்' சத்தம் கெத்து இல்லை அண்ணாச்சி, இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் போயிருக்கிறது.

பழைய குழாய் 2 இஞ்ச் என்றால் புதியது 2.5 இஞ்ச் போதும். தகடு 1.5 மி.மீ. இருக்கட்டும், மெலிந்தால் தகரச் சத்தம்தான் வரும். கடலோரம் உவரிப் பக்கம் ஓடும் வண்டிக்கு ஸ்டெயின்லெஸ் போடுங்கள், உப்புக்காற்று சாதா இரும்பைத் தின்றுவிடும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், இல்லையேல் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ போகலாம். சேஸிஸ், பிரேக் ஹோஸ், ஸ்டெப்னி மூன்றிலிருந்தும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். சூட்டில் குழாய் நீண்டு இடிக்கும். குழாயைத் தாங்கும் ஹேங்கர் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். குழாய் வாய் பாடி விளிம்பைத் தாண்டி நிற்கணும், இல்லையென்றால் புகை கேபினுக்குள் வரும்.

டீசல் பிக்கப்பில் புகையின் வேகத்தால் சுழலும் டர்போ சத்தத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். பெட்ரோல் வண்டி உறுமலை எதிர்பார்க்காதீர்கள். பிஎஸ்6 (புதிய புகை விதிக்கு உட்பட்ட) வண்டியில் சென்சார் இருக்கும் பகுதியில் கத்தியே வைக்கக்கூடாது.