நிரலாக்க மொழி ஆராய்ச்சிக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தத் துறையில் பிஎச்டி செய்ய வருபவர்களில் பலரிடம் சொந்தமாக ஒரு மொழி படைக்கும் கனவு இருக்கும். அந்த ஆசைதான் ஆளை இங்கே இழுத்து வருகிறது, நல்லதுதான். ஆனால் அந்த மொழியை முழுசாகக் கட்டி முடிப்பதுதான் ஆய்வு என்று நம்பிவிடுவது பெரிய தவறு, வருடங்களை விழுங்குகிற தவறு. ஒரு கோப்பைத் திறந்தால் மூடியே ஆக வேண்டும், மூடிய பிறகு படிக்கக் கூடாது, இதை டைப் சிஸ்டமே (எந்த மதிப்பை எங்கே எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஓட்டும் முன்பே சரிபார்க்கும் விதிகள்) கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது உங்கள் யோசனை என்று வைத்துக்கொள்வோம். இதற்கு நிரலை வாசித்துப் பிரிக்கும் புது பார்சர் எதற்கு? பிறர் எழுதிய நிரல்களை இறக்கித் தரும் பேக்கேஜ் மேனேஜர் எதற்கு? அந்த ஒரு யோசனையை மட்டும் தாங்கும் குட்டி மொழி ஒன்றைக் காகிதத்தில் எழுதுங்கள், அது சரி என்பதற்கு நிரூபணம் எழுதுங்கள், அப்புறம் ஏற்கெனவே இருக்கும் ஒரு கம்பைலரில் அதைச் சேர்த்து நிஜ நிரல்களில் ஓட்டிப் பாருங்கள். இகராஷி, பியர்ஸ், வாட்லர் மூவரும் 1999-இல் ஜாவாவை அப்படித்தான் அணுகினார்கள். மாறிக்கு மறுமதிப்பு கொடுக்கும் வசதியைக்கூட விட்டுவிட்டு மொழியைச் சுருக்கினார்கள், நிரூபணம் சில பக்கங்களுக்குள் அடங்கியது, ஒரே நிரலைப் பல டைப்களுக்குப் பயன்படுத்த விடும் ஜெனரிக்ஸைச் சேர்த்துப் பார்க்கவும் அந்தக் குட்டி மொழியே உதவியது.

சுருக்குவதில் இன்னொரு ஆபத்து உண்டு. எதையெல்லாம் விட்டோம் என்பதை நாமே மறந்துவிடுகிறோம். 2016-இல் நாடா அமினும் ராஸ் டேட்டும் ஜாவா, ஸ்காலா இரண்டின் டைப் சிஸ்டத்திலும் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். ஒரு முழு எண்ணை ஸ்ட்ரிங் என்று கருத வைக்கும் நிரல், அதில் எங்கும் காஸ்ட் (டைப்பை வலுக்கட்டாயமாக மாற்றும் கட்டளை) இல்லை, கம்பைலர் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது. காரணம் 'நல்' (null) என்ற, எதையும் சுட்டாத வெற்று மதிப்பு. நடக்கவே முடியாத ஒரு டைப் உறவுக்கு ஆதாரமாக நல் போய் நின்றுவிடுகிறது. அதற்கு முன்பு வந்த நிரூபணங்கள் பொய்யில்லை, அவை எடுத்துக்கொண்ட குட்டி மொழிகளில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை, அவ்வளவுதான். அதனால் பேப்பரில் ஒரு பத்தி ஒதுக்கி, விட்டது எவை, அவற்றைச் சேர்த்தால் எது உடையலாம் என்று நேர்மையாக எழுதுங்கள். விஷயம் தெரிந்த ரிவியூவர் முதலில் தேடுவது அந்தப் பத்தியைத்தான்.

அடுத்தது வேக அளவீடு. நிரூபணத்துக்கு ஆறு மாதம் கொடுப்பவர்கள் பெஞ்ச்மார்க்கை டெட்லைனுக்கு முந்தின வாரம் ஓட்டுகிறார்கள், எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். மிட்கோவிச்சும் அவருடைய குழுவும் 2009-இல் காட்டியதைப் பாருங்கள். நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், யுனிக்ஸ் என்விரான்மென்ட் மாறிகளின் (நிரலுக்கு இயங்குதளம் கொடுக்கும் அமைப்பு விவரங்கள்) மொத்த நீளத்தை மட்டும் மாற்றினார்கள். ஸ்டாக் (நிரலின் தற்காலிக மதிப்புகள் இருக்கும் நினைவகப் பகுதி) தொடங்கும் முகவரி நகர்ந்தது, ஓடும் நேரமும் மாறியது. கம்பைல் ஆன துண்டுகளான ஆப்ஜெக்ட் கோப்புகளை லிங்க் செய்யும், அதாவது ஒன்றாக இணைக்கும், வரிசையை மாற்றினாலும் இதே கதை. ஜிசிசி கம்பைலரில் நிரலை வேகமாக்கும் ஓ3 நிலை, ஓ2 நிலையை விட வேகமா என்ற கேள்விக்கே அமைப்பைப் பொறுத்து எதிரெதிர் பதில் வந்தது. அப்படியானால் ஒரே லேப்டாப்பில் சில தடவை ஓட்டி 'நாலு சதவீதம் வேகம்' என்று எழுதுவதற்கு என்ன மதிப்பு? லிங்க் வரிசையையும் என்விரான்மென்ட்டையும் குலுக்கிப் பல முறை ஓட்டுங்கள், ஏற்ற இறக்கத்தோடு சேர்த்துப் போடுங்கள், மெதுவான பெஞ்ச்மார்க்கை ஒளிக்காதீர்கள்.

'இந்த மொழியில் எழுதினால் பிழை குறையும்' என்று எழுத ஆசை வந்தாலும் நிதானம் வேண்டும். கிட்ஹப் தளத்திலுள்ள நிரல்களை அலசி அப்படி ஒரு தொடர்பைச் சொன்ன 2014 ஆய்வை வேறொரு குழு திரும்பச் செய்து 2019-இல் வெளியிட்டபோது, அதன் முடிவுகளில் பெரும்பாலானவை நிற்கவில்லை.

நிஜ நிரலை எட்டிப் பார்க்காமலே வேலையை முடிப்பது இன்னொரு தவறு. ரஸ்ட் மொழியின் பாதுகாப்பை நிரூபிக்கும் வேலையில் இருந்த ரால்ஃப் யூங், 2017-இல் அதன் ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் மியூடெக்ஸ்கார்டில் (ஒரே தரவை ஒரே நேரத்தில் பலர் தொடாமல் காக்கும் பூட்டின் பகுதி) ஒரு பிழையைப் பிடித்தார். பலரும் நம்பிப் பயன்படுத்திய பகுதி அது. அந்தத் திருத்தம் மொழிக்குள் போனது, ரஸ்ட்காரர்களோடு பேச்சும் வளர்ந்தது. மொழியைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு பக் ரிப்போர்ட் எழுதுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்காதீர்கள்.

ஆனால் உங்கள் யோசனையை ரெண்டு வருடத்தில் யாராவது பயன்படுத்த வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒன்றை ஒரே முறைதான் பயன்படுத்தலாம் என்ற யோசனையைக் கொண்ட ஜிரார்டின் லீனியர் லாஜிக் 1987-இல் வந்தது, அந்த வழியில் நினைவகத்தைக் காக்கும் ரஸ்ட் 1.0 வந்தது 2015-இல். நடுவில் நினைவகத்தைப் பகுதிகளாகப் பிரித்து விடுவிக்கும் டோஃப்டே, டால்பின் இருவரின் ரீஜன் ஆய்வும், சி-யைப் பாதுகாப்பாக்க முயன்ற சைக்ளோன் மொழியும் இருக்கின்றன. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பயன்பாடு உங்கள் கையில் இருக்காது. எந்தக் கேள்விக்குப் பதில் கண்டீர்கள் என்பதை வேறு துறைப் பேராசிரியருக்குப் புரிகிற மாதிரி ஐந்து நிமிடத்தில் சொல்லத் தெரிய வேண்டும். தேர்வுக் குழுவில் பாதிப் பேருக்கு டைப் விதி படிக்கத் தெரியாது, இரண்டாவது ஸ்லைடிலேயே அதைப் போட்டால் அவர்களை அங்கேயே இழந்துவிடுவீர்கள்.

கடைசியாக, தனியாகவே உழலாதீர்கள். பாப்ல் (POPL) என்ற நிரலாக்க மொழி ஆய்வு மாநாட்டோடு சேர்த்து 2012 முதல் மாணவர்களுக்கென்றே ஒரு வழிகாட்டிப் பட்டறை நடக்கத் தொடங்கியது, இப்போது பிஎல்டிஐ போன்ற மாநாடுகளிலும் நடக்கிறது. பேப்பர் எதுவும் ஏற்கப்படாதவர்களும் போகலாம், பயணச் செலவுக்கு உதவித்தொகையும் கேட்கலாம். மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும், அதனால் தேதியை முதலிலேயே பார்த்து வையுங்கள்.