சோளச்சோறு: குருணை முதலில், மாவு பிறகு

எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின் வீடு காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், மேட்டாங்காட்டில் இருந்தது. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி வெள்ளைச்சோளம் விதைப்பார்கள். தை, மாசியில் அறுத்தால் தானியம் வீட்டுக்கு, தட்டு என்கிற சோளத்தண்டு மாட்டுக்கு. அரிசிச்சோறெல்லாம் விருந்தாளி வந்தால்தான். அந்த வாசலில் கற்றுக்கொண்ட சோளச்சோற்றை இங்கே எழுதுகிறேன். கடையில் சோளமாவு வாங்கிக் கிண்டிவிட்டு, "கொழகொழன்னு போச்சுங்க" என்று என்னிடம் சொல்பவர்கள் நிறைய. மாவில் கிண்டினால் அது களி. சோறு வேறு.

முதலில் சோளத்தைப் பார்த்து வாங்குங்கள். சோளம் என்று கேட்டால் இப்போது மக்காச்சோளத்தை எடுத்துத் தருகிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். நம் பக்கம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அந்த மாவை மோர் ஊற்றிக் கரைத்து, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் ஊற்றி கார்ன்பிரெட் சுடுவார்கள். என் மகள் அங்கே படித்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி சுட்டுக் கொடுத்திருக்கிறார். "மோர் வாசத்துல அம்மாயி ஞாபகம் வந்துருச்சும்மா" என்று அன்றைக்கே போன் செய்தாள். நமக்கு வேண்டியது மிளகை விடக் கொஞ்சம் சின்னதாக, உருண்டையாக இருக்கும் வெள்ளைச்சோளம்.

மூன்று பேருக்கு 1 டம்ளர் சோளம் போதும். கல் அரித்து, இரண்டு கை தண்ணீர் தெளித்துப் பிசறி, 15 நிமிடம் மூடி வையுங்கள். ஊறக்கூடாது, மேல்தோல் மட்டும் இளக வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கடைசி வரை தவிடு வாயில் நெருடும்.

அம்மாயி வீட்டில் இதை உரலில் போட்டு இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆரம்பத்தில் ஈரச்சத்தம் 'தொம் தொம்' என்று வரும். தோல் விட்டதும் சத்தம் மாறும். மணிகள் ஒன்றோடொன்று உரசுகிற சலசலப்பு கேட்கும். அப்போது அம்மாயி உலக்கையை நிறுத்திவிட்டு, "பதம் காதுலயே தெரியும் சாமி" என்பார். உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளி ஊதுவார். தவிடு பறந்து, மணி பால் வெள்ளையாகத் தெரிந்தால் முறத்துக்குப் போகும்.

நமக்கு மிக்ஸி. குமிழைப் பின்பக்கம் திருப்பி ஒரு விநாடி ஓட்டி நிறுத்துங்கள். இப்படி ஐந்தாறு தடவை, ஜார் சூடாகாமல். துணியில் கொட்டி ஃபேன் காற்றில் உலர்த்திப் புடைத்தால் தவிடு போய்விடும். மறுபடியும் விட்டு விட்டு ஓட்டி, ஒரு மணி இரண்டு மூன்றாக உடைகிற அளவில் நிறுத்திச் சலித்துக்கொள்ளுங்கள். சல்லடைக்கு மேலே குருணை, கீழே மாவு. இரண்டையும் கலக்கவே கூடாது. கல்யாணமான புதிதில் நான் மொத்தத்தையும் ஒன்றாகக் கொட்டிவிட்டேன். மாவு சட்டியின் அடியில் பிடித்துக்கொண்டது, குருணை வேகவே இல்லை. அத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் அன்று தொண்டையில் இறங்கவில்லை.

சோளத்தில் கோதுமையைப் போல குளூட்டன் கிடையாது. வெந்த மாவுதான் குருணையைப் பிடித்து நிறுத்துகிற பசை. அதனால்தான் குருணை முதலில், மாவு கடைசியில்.

அடி கனமான பாத்திரத்தில் நாலரை டம்ளர் தண்ணீரும் உப்பும் கொதிக்கட்டும். குருணையைக் கழுவிப் போட்டு, மிதமான தீயில் துடுப்பால் அடிக்கடி துழாவுங்கள். 25 நிமிடம் ஆகும். ஒரு குருணையை விரலில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கக்கூடாது. பிறகு மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, கைவிடாமல் கிண்டி, தீயைக் குறைத்து 10 நிமிடம் மூடுங்கள். நனைத்த கையால் தொட்டால் ஒட்டாது, அதுதான் பதம். இறக்கியதும் கால் மணி நேரம் திறக்காதீர்கள், ஆவியில் இறுகட்டும்.

கையைத் தண்ணீரில் நனைத்து உருண்டை பிடித்து, நடுவில் குழி செய்து, கடைந்த கொள்ளுப்பருப்பை ஊற்றி, செக்குக் கடலையெண்ணெய் ஒரு கரண்டி விடுங்கள். தட்டப்பயறு கத்திரிக்காய்க் குழம்பும் நன்றாகவே இருக்கும். ஆனால் கொள்ளுதான் என் கட்சி.

இரண்டு உருண்டையாவது மிச்சம் வையுங்கள். மண்சட்டியில் தண்ணீருக்குள் மூழ்கப் போட்டு, காலையில் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டுக் குடிக்கலாம். எங்கள் தாத்தா, அப்புச்சி, சட்டியோடு தூக்கிக் குடித்துவிட்டுத்தான் காட்டுக்குப் போவார்.

தவிட்டைக் கொட்டிவிடாதீர்கள். அம்மாயி அதை நீச்சுத்தண்ணியில் கலக்கிக் கட்டுத்தரைக்கு எடுத்துப் போவார். திருப்பூரில் எங்கள் வீட்டில் மாடு இல்லை. ஒரு பையில் சேர்த்து வைத்து, ஊருக்குப் போகும்போது மாமன் வீட்டுத் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருகிறேன்.